பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை: வீட்டையும் ஊரையும் சேர்த்துப் புரிந்துகொள்வது எப்படி

பள்ளி ஆலோசகராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், தொண்டு நிறுவனங்களில் வளரிளம் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள், வகுப்பில் ஒரு பிள்ளை வாடிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு எப்படிப் பேச்செடுப்பது என்று தயங்கும் ஆசிரியர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டுச் சூழலுக்கானது.

உளவியல் படிப்பில் நாம் கற்கும் முறைகள் பெரும்பாலும் ஒரு தனியறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதற்காக உருவானவை. நம் பிள்ளை அறைக்குள் வரும்போது அம்மா, அப்பத்தா, தாய்மாமன், தெரு, சாமி, சாதி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. அவற்றை வாசலில் நிறுத்திவிட்டுப் பேச முடியாது. அதே சமயம், "இந்த சாதிக்காரங்க வீட்ல இப்படித்தான்", "முஸ்லிம் வீடுன்னா இப்படித்தான்" என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டு உட்கார்வதும் தப்பு. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் வழக்கம் வேறு, கண்டிப்பு வேறு, பயம் வேறு. அதனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் "உங்க வீட்ல இது எப்படி?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை எப்போது, எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியதுதான்.

1. முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேலையில் சேர்ந்த முதல் வாரம் யாரையும் ஆலோசனைக்கு என்று தனியாக அழைக்க வேண்டாம். பிள்ளைகள் எந்த பஸ்ஸில் வருகிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பெற்றோர் என்ன வேலைக்குப் போகிறார்கள், ஊர்த் திருவிழா எந்த மாதம், இதையெல்லாம் விசாரியுங்கள். சத்துணவு அமைப்பாளரிடமும் பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவரிடமும் கேட்டால் தலைமையாசிரியருக்குத் தெரியாத விஷயங்கள்கூட வரும்.

இது ஆலோசனைக்கு நேரடியாக உதவும். திருப்பூர்ப் பக்கம் அம்மா அப்பா இருவரும் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற வீட்டில், "சாயங்காலம் அம்மாகிட்ட உட்கார்ந்து பேசு" என்று சொன்னால் பிள்ளைக்கு அது நடக்காத காரியம். அப்பா வளைகுடா நாட்டில் இருக்கிற வீட்டில் கண்டிப்பு முழுக்க வீடியோ காலில் நடக்கும். பக்கத்தில் இருந்து நடத்துகிறவர் பெரியப்பாவாக இருப்பார். கிழக்குக் கடற்கரைக் கிராமங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நிற்கிற அதே நாட்களில்தான் தேர்வு முடிவும் வருகிறது, அடுத்த படிப்புக்குப் பணம் கட்டச் சொல்லியும் வருகிறார்கள். மே மாதத்தில் அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று திடீரென்று "நான் படிக்கல, வேலைக்குப் போறேன்" என்று சொன்னால், சோம்பல் என்று நினைப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

2. அழைக்கும் விதம், உட்காரும் இடம்

வகுப்பு நடக்கும்போது ப்யூன் வந்து, "கவுன்சிலர் மேடம் கூப்பிடுறாங்க" என்று ஒரு பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பிள்ளைக்கு அன்று மதியமே 'மெண்டல்' என்று பட்டப்பெயர் விழுந்துவிடும். அதனால் முதலில் எல்லா வகுப்பிலும் பொதுவாகப் பேசுங்கள். தூக்கம், பரீட்சை பயம், கோபம் மாதிரி யாருக்கும் கூச்சம் தராத தலைப்பாக இருக்கட்டும். அப்புறம் வகுப்பிலுள்ள எல்லோரையும் வரிசை எண் படி ஐந்து நிமிடம் பார்த்துவிடுங்கள். எல்லோரும் ஒருமுறை வந்துபோன அறைக்கு யாராவது மறுபடி வந்தால் அது செய்தியாகாது.

அறையின் கதவு பாதி திறந்திருக்கட்டும். பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், கேட்கக் கூடாது. ஆண் ஆலோசகர் மாணவியோடு பேசும்போது ஒரு ஆசிரியை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உட்கார்ந்திருப்பது நல்லது. அறையே இல்லாத பள்ளிகளில் வராண்டாவின் கடைசி, வேப்பமரத்தடி, நூலகத்தின் ஒரு மூலை எதுவானாலும் சரி. நேருக்கு நேர் உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். பெரியவர்கள் முன்னால் உட்காராமல் வளர்ந்த பிள்ளைகள் நின்றுகொண்டே இருப்பார்கள். ஒருமுறை உட்காரச் சொல்லுங்கள், சங்கோஜப்பட்டால் நீங்களும் எழுந்து நின்று பேசுங்கள். தலையைக் குனிந்தே பதில் சொல்வது நம்மூரில் மரியாதை. 'கண்ணைப் பார்த்துப் பேச மறுக்கிறார்' என்று அதைக் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. பேச்சைத் தொடங்க நாம் இயல்பாகக் கேட்கிற "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் மாநிலத்தில் அது சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். காலனியிலிருந்து வரும் ஒரு மாணவன் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்வான். "எந்த பஸ்ல வர்ற? கூட்டம் எப்படி?" என்று தொடங்கினால் யாருக்கும் உறுத்தாது.

3. ரகசியம் எதுவரை என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்

"நீ சொல்றத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்குறுதி கொடுக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது கட்டாயம். 19ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இந்தச் சட்டத்தை எடுத்து வைத்தால் ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கும்.

நான் சொல்வது இப்படி: "நீ இங்க பேசறது டீச்சர்கிட்டயோ, வீட்லயோ, உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்டயோ போகாது. மூணே மூணு விஷயத்துக்கு மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லியாகணும். உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னால இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, உன் மேல யாராவது தப்பா கை வெச்சிருந்தா. அப்பவும் யாருகிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." பிறகு புரிந்ததை அவர்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டல் போதாது, பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுவது நம் பிள்ளைகளுக்கு அனிச்சையாக வரும்.

தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். "அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். "கொஞ்சம் கஷ்டத்துல இருக்கான், நான் பார்த்துக்கறேன். வகுப்புல இந்த ஒரு உதவி மட்டும் பண்ணுங்க" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஆசிரியர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் விவரம் கேட்கும் ஆர்வம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

4. எந்த வரிசையில் கேட்பது

வளரிளம் பிள்ளைகளோடு பேச 'ஹெட்ஸ்' என்று ஒரு முறை உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. 1988இல் கோல்டன்ரிங், கோஹன் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை அதைப் பரவலாக்கியது. வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதை, பாலுறவு, தற்கொலை எண்ணம் என்று வெளியே இருந்து உள்ளே போகும் வரிசை அது. வரிசையின் போக்கு நமக்கும் பொருந்தும், ஆனால் தொடங்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. நம்மூரில் வீட்டைப் பற்றி வெளியாளிடம் பேசுவது வீட்டைக் காட்டிக்கொடுப்பது போலத் தோன்றும். அதனால் பொழுதுபோக்கில் தொடங்கி, பள்ளி, நண்பர்கள் என்று வந்து, வீட்டுக்கு நான்காவதாகப் போங்கள். கபடி, கிரிக்கெட், ரீல்ஸ், எந்த நடிகருக்கு ரசிகர் என்பதெல்லாம் வெறும் பேச்சுத் துணை இல்லை. முன்பு விளையாடினவன் இப்போது விளையாடப் போவதில்லை என்ற ஒரு தகவலே பாதி கதையைச் சொல்லிவிடும்.

வீட்டுக்கு வரும்போது "உங்க வீட்ல பிரச்சினை என்ன?" என்று கேட்கக் கூடாது. "உங்க வீட்ல யாரு யாரு இருக்கீங்க? யாரு பேச்சு எடுபடும்? நீ அழுதா யாருக்கு முதல்ல தெரியும்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பின்னால் நமக்குத் துணையாக நிற்கப் போகிறவரின் பெயர். பல வீடுகளில் அது அம்மாச்சியாகவோ கல்யாணமாகிப் போன அக்காவாகவோ இருக்கும்.

போதையைப் பற்றிக் கேட்கும்போது சிகரெட், சாராயம் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். உதட்டுக்கு அடியில் வைக்கிற புகையிலைப் பாக்கெட்டுகள் பள்ளிப் பைகளில் சகஜமாகக் கிடைக்கின்றன. குட்காவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் இந்த நிலைதான். "உன் வகுப்புல யாராச்சும் போடறாங்களா?" என்று மற்றவர்களைப் பற்றிக் கேட்டுத் தொடங்கினால் பதில் வரும்.

"தெரியல", "சும்மாதான்", "ஒண்ணுமில்ல" என்ற மூன்று பதில்களும் நிறைய வரும். அவசரப்பட வேண்டாம். ஒரு தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து வீட்டுக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

5. உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

"எனக்கு மன அழுத்தம்" என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகள் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் உண்டு. மற்ற இடங்களில் அது தலைவலி, வயிறு பிசைதல், நெஞ்சு படபடப்பு, மயக்கம், "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்றுதான் வரும். "எல்லாம் உன் மனசுலதான்" என்று சொன்னால் நடிக்கிறாய் என்று சொன்னதாகவே பிள்ளையும் வீடும் எடுத்துக்கொள்ளும். முதலில் ரத்தசோகை உண்டா, சாப்பாடு எப்படி, மாதவிடாய் சரியாக வருகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். அது வீட்டுக்கு நம்மேல் நம்பிக்கை தரும். பல சமயம் அங்கேயே பாதி விடையும் கிடைக்கும்.

அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மேன் 1970களின் இறுதியில் சில கேள்விகளை முன்வைத்தார். நோயாளி தன் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் கேள்விகள். மனநோய்களை வகைப்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் இதே போக்கில் 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலும் சேர்ந்தது. நம் பேச்சுவழக்கில் இவற்றைக் கேட்பது மிக எளிது. இதோ ஒரு மாதிரி. பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன், யாரோ ஒருவருடைய கதை இல்லை. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அடிக்கடி மயங்கி விழும் பத்தாம் வகுப்பு மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த மயக்கத்துக்கு உங்க வீட்ல என்ன பேர் சொல்றாங்க?"

"காத்து கருப்புன்னு சொல்றாங்க மிஸ்."

"எப்ப பிடிச்சதுன்னு சொல்றாங்க?"

"பெரியவளாகி தண்ணி ஊத்துனதுக்கு அப்புறம், சாயந்திரம் கிணத்தடிக்குப் போனேன். அதனாலன்னு அப்பத்தா சொல்லுது."

"நீ என்ன நினைக்கிற?"

"தெரியல மிஸ்… அன்னைக்குத்தான் மாமா வீட்ல வந்து பேசிட்டுப் போனாங்க."

"என்ன பேசினாங்க?"

"பத்தாவது முடிச்சதும் கட்டிக் குடுத்துடலாம்னு."

மயக்கம் எங்கே தொடங்கியது என்பது நான்காவது கேள்வியில் வந்துவிட்டது. காத்து கருப்பு உண்டா இல்லையா என்று அந்த வீட்டோடு வாதாட வேண்டிய அவசியமே வரவில்லை. இனி வேலை கல்யாணப் பேச்சை நிறுத்துவது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் சட்டத்தை முதல் நாளே காட்டினால் பிள்ளையைப் பள்ளியை விட்டே நிறுத்திவிடுவார்கள். முறை மாப்பிள்ளை விஷயத்தில் தாய்மாமனுக்கு இருக்கும் உரிமையும் கௌரவமும் பெரியது. அவரைச் சமாதானப்படுத்தக்கூடியவர் யார் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்த வழியில் போங்கள். தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே 1098க்கு அழைத்துவிடுங்கள்.

6. கோவில், தர்கா, ஜெபக்கூட்டம்

பிள்ளையின் கையில் தாயத்தோ கயிறோ இருந்தால் வீட்டார் ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள், அக்கறை இருக்கிறது என்று பொருள். எங்கே கட்டியது, எப்போது, கட்டிய பிறகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். குணசீலம், ஏர்வாடி, வேளாங்கண்ணி என்று குடும்பங்கள் போய்வருவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிய மனநோயாளிகளின் அறிகுறிகள் குறைந்ததை மருத்துவர்கள் அளந்து பார்த்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மந்திரமோ சடங்கோ பெரிதாக இல்லை. குடும்பத்தில் ஒருவர் துணைக்கு இருந்ததும், யாரும் விரட்டாத ஒரு இடம் கிடைத்ததும்தான் இருந்தது.

ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் கருகி இறந்ததும் நம் மண்ணில்தான் நடந்தது. எனவே ஒரே ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்: கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. "சாமி கும்பிடுங்க, வேண்டுதல் இருந்தா செய்ங்க. மாத்திரையும் கூடவே போகட்டும். வேப்பிலையால அடிக்கறது மட்டும் வேண்டாம், பிள்ளை பயப்படுது" என்று சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் கேட்டுக்கொள்வார்கள்.

7. பெற்றோரை எப்படிக் கூட்டிக்கொள்வது

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளோடு குடும்பத்தாரையும் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையமும் 1957இல் தொடங்கியதிலிருந்தே குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் ஏற்பாட்டைக் கொண்டது. குடும்பத்தைத் தடையாகப் பார்க்காமல் துணையாகப் பார்க்கும் இந்த வழி நம் நாட்டு மருத்துவர்களே கண்டுபிடித்தது. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் படித்ததை வைத்து இதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

பெற்றோரை வரச்சொல்லி டைரியில் எழுதி அனுப்பினால், பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அரைநாள் கூலியை விட்டுவிட்டுக் கோபத்தோடுதான் வருவார்கள். போன் போட்டு, "நல்ல பையன். அவனைப் பத்திக் கொஞ்சம் பேசணும், உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்?" என்று கேளுங்கள். வந்ததும் தண்ணீர் கொடுங்கள், உட்கார வையுங்கள். வயது எவ்வளவானாலும் "வாங்க, போங்க"தான். அம்மா பேசுவார், அப்பா கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அவருக்கு அக்கறையில்லை என்று எண்ண வேண்டாம். "நீங்க இந்த வயசுல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதினான்கு வயதில் பட்டறைக்கு வேலைக்குப் போன கதை வரும். அந்தக் கதையை அவர் மகன் கேட்டிருக்கவே மாட்டான்.

பெற்றோரும் பிள்ளையும் நம்மிடம் புத்திமதியை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். "நீயே யோசித்து முடிவெடு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றோ நம்மேல் அக்கறையில்லை என்றோ நினைப்பார்கள். மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973லேயே குரு–சிஷ்ய உறவை இந்தியச் சூழலுக்கான சிகிச்சை மாதிரியாக எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதினார். என் அனுபவத்தில் முதல் சந்திப்பிலேயே செய்யக்கூடிய சின்ன காரியம் ஒன்றைச் சொல்லி அனுப்புவது நல்லது: இரவு பத்து மணிக்குப் பிள்ளை தூங்கப் போகும்போது வீட்டில் எல்லோருடைய செல்போனும் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும்; அம்மா தினமும் பத்து நிமிடம் மார்க்கைப் பற்றிப் பேசாமல் பிள்ளையோடு பேசட்டும். பெரிய முடிவுகளைப் பிள்ளையே யோசிப்பதற்கு அடுத்தடுத்த சந்திப்புகள் இருக்கின்றன.

தேர்வில் தோற்ற பிள்ளையிடம் "உன் வாழ்க்கை உன் கையில்" என்று பேசுவது பல வீடுகளில் பொய்யாகப் போகும். அந்த மதிப்பெண்ணின் பேரில் நகை அடகில் இருக்கிறது. "உனக்காகத்தான் இந்தப் பாடு படுறோம்" என்ற வாக்கியம் தினமும் காதில் விழுகிறது. அங்கே வழிகளைக் காட்டுவதுதான் ஆறுதல். அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம். பத்தாவதுக்குப் பிறகு ஐடிஐ, பாலிடெக்னிக் இருக்கின்றன. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2017 முதல் மாநிலப் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதில்லை என்பதையும் அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் பெரியப்பா வந்து கேட்கும்போது காட்ட அது வேண்டும்.

8. சாதி

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஒருபக்கம் இருக்கட்டும். அறைக்குள் நாம் செய்ய வேண்டியது என்ன?

சாதியால் அவமானப்பட்ட பிள்ளை அதைச் சாதி என்று சொல்லிக்கொண்டு வராது. "ஸ்கூல் பிடிக்கல", "டிசி வாங்கணும்" என்று வரும். "யாராவது உன்னைத் தனியா நடத்துறாங்களா? தண்ணி குடிக்கிற இடத்துல, பெஞ்சுல, விளையாட்டுல?" என்று குறிப்பாகக் கேளுங்கள். சொன்னால் உடனே நம்புங்கள். "அவங்க சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க" என்று ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து வந்தால் அதோடு முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்புவதும் தவறு. நடந்தது குற்றமாக இருந்தால் தலைமையாசிரியர் வழியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். பழி தீர்க்கக்கூடியவர்கள் உள்ள ஊராக இருந்தால் பிள்ளையின் பாதுகாப்பை முதலில் உறுதி செய்துகொண்டு நகருங்கள்.

கயிறு கட்டிய பையனிடமும் பேச வேண்டும். கயிற்றைக் கத்தரிப்பது எளிது. அதைக் கட்டிவிட்ட அண்ணன் யார், அந்தக் கூட்டத்தில் இல்லாவிட்டால் இவனுக்கு என்ன ஆகும், எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது வரும். பெருமையாகத் தொடங்குகிற பேச்சு பல சமயம் தனியாகிவிடுவோமோ என்ற பயத்தில் போய் முடியும்.

நம்முடைய பெயரை, பேச்சை, நெற்றியைப் பார்த்துப் பிள்ளைகள் நம் சாதியையும் மதத்தையும் கணித்துவைத்திருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆலோசனை அறையில் சாமிப் படம், தலைவர் படம் எதுவும் மாட்டாதீர்கள்.

9. காதலும் பாலின அடையாளமும்

பதினாறு வயதுக் காதலைப் பார்த்ததும் போக்சோவை நினைத்து நாமே பதறுகிறோம். 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், வளரிளம் வயதினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று சொன்னது. ஆனாலும் சட்டத்தில் வயது வரம்பு 18தான். உடலுறவு நடந்திருந்தால் தெரிவிக்கும் கடமையும் அப்படியே இருக்கிறது. பேசிக்கொள்வது, பரிசு கொடுப்பது, சேர்ந்து பஸ்ஸில் வருவது எல்லாம் குற்றமில்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே விளக்குங்கள். வேறு சாதி அல்லது வேறு மதக் காதல் என்றால் வீட்டுக்குச் சொல்லும் முன் பத்துமுறை யோசியுங்கள். நம் மாநிலத்தில் அது உயிர்போகிற விஷயமாக மாறலாம்.

தன் பாலினத்தைப் பற்றிக் குழப்பமோ தெளிவோ எதுவாயினும் ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், அதை மாற்றித் தருமாறு பெற்றோர் கேட்பார்கள். தன்பாலின ஈர்ப்பை 'குணப்படுத்தும்' சிகிச்சையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தானே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து விஷயத்தைப் புரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதைத் தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது. பெற்றோரிடம் "மாற்ற முடியாது, மாற்ற முயல்வதும் தப்பு" என்பதைக் கனிவாக, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள். பிள்ளை தானாகச் சொல்லும்வரை வீட்டுக்கு நாம் சொல்லக் கூடாது.

10. உயிரைப் பற்றிய பேச்சு வந்தால்

நம் பிள்ளைகள் சாவைச் சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். "போதும்னு இருக்கு", "எங்கயாவது போயிடலாம்னு இருக்கு", "நான் இல்லைன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க." காதில் விழுந்தால் நேராகக் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டமா இருக்கும்போது சில பேருக்குச் செத்துப்போயிடலாமான்னு தோணும். உனக்குத் தோணியிருக்கா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. கேட்ட பிறகு பல பிள்ளைகள் அழுதுவிட்டு லேசாவார்கள். ஆமாம் என்றால், இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா, ஏதாவது திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று நிதானமாகக் கேளுங்கள்.

திட்டம் இருக்கிறதென்றால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், தனியாக பஸ் ஏற்றி அனுப்பவும் கூடாது. நீங்கள் முன்பே தெரிந்துவைத்திருக்கிற, அழுதால் முதலில் கண்டுபிடிக்கிற அந்த ஒருவரை வரவழையுங்கள். வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரைகளும் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கும்படி தெளிவாகச் சொல்லுங்கள். விவசாய வீடுகளில் இந்த ஒரு காரியமே உயிர் காக்கும். அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகட்டும். "போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று வீட்டார் மறைக்கப் பார்ப்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த எண்களை அறைச் சுவரிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டிவையுங்கள். மற்றவர் பார்க்காமல் குறித்துக்கொள்ள அந்த இடம்தான் வசதி. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. குழந்தைகள் உதவி எண் 1098. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பு 044-24640050.

11. அடுத்த சந்திப்புகள்

மருத்துவரிடம் அனுப்பும்போது "மனநல டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு மட்டும் கொடுத்தால் பாதிப் பேர் போகமாட்டார்கள். எந்தக் கிழமை, எத்தனையாம் எண் அறை, காலை எத்தனை மணிக்கு ஓபி சீட்டு வாங்க வேண்டும், அங்கே என்ன கேட்பார்கள் என்று சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் முதல் முறை கூடவே போங்கள். "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா?" என்று அப்பத்தா கேட்பார். "தூக்கம் வரலை, சாப்பாடு இறங்கலைன்னா பார்க்கிற டாக்டர்தான் பாட்டி" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளோடு பேச மொழி தெரியாவிட்டால், அந்தப் பிள்ளையின் தம்பியையோ வகுப்புத் தோழனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

குறிப்பேட்டில் சாதி, மதம், காதலரின் பெயர் எதையும் எழுத வேண்டாம். ஒரு எண், தேதி, அடுத்து என்ன செய்வது என்பது மட்டும் போதும். நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கோடை விடுமுறைதான் பெரிய இடைவெளி. ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு பிள்ளையோடும் ஒருமுறை உட்கார்ந்து, விடுமுறையில் எங்கே இருக்கப் போகிறார்கள், யார் கூட இருப்பார்கள், தேர்வு முடிவு வரும் நாளன்று காலை பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்கிற பிள்ளைக்கு முடிவு வரும் நாளில் காலை ஒன்பது மணிக்கு முன்பே நீங்கள் போன் செய்யுங்கள்.